எம்டிஏடிஎம் ரெய்டு 1: பழுதுபார்ப்பில் கெட்டி, காவலில் அரைகுறை

ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதிவைப்பது ரெய்டு 1, அதாவது மிரர். லினக்ஸில் அதைக் கட்ட எம்டிஏடிஎம் என்ற கட்டளைக் கருவி போதும். தனி கார்டு வேண்டாம், காசும் வேண்டாம், எந்த லினக்ஸ் விநியோகத்திலும் கிடைக்கும். நீல் பிரவுன் 2001-இல் எழுதத் தொடங்கிய கருவி இது. அதற்கு முன் ரெய்டுடூல்ஸ் என்ற தொகுப்பு புழக்கத்தில் இருந்தது. அதன் அமைப்புக் கோப்பில் ஒரு வரி தப்பினால் டிஸ்க்குகளே இடம் மாறிப்போகும். இப்போது ஒவ்வொரு டிஸ்க்கிலும் எழுதப்பட்டிருக்கும் அடையாளக் குறிப்பான சூப்பர்பிளாக்கைப் படித்து, எது எந்த மிரரின் உறுப்பு என்று கருவியே கண்டுகொள்கிறது. டிஸ்க்கை வேறு போர்ட்டில் செருகினாலும், வேறு கணினிக்கே கொண்டுபோனாலும் மிரர் எழுந்து நிற்கும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். செத்த டிஸ்க்கை மாற்றும் வேலையில் இது பிரமாதம். டிஸ்க் செத்துவிட்டது என்று உங்களுக்குச் சொல்வதிலும், இரண்டு பிரதிகளில் எது சரியானது என்று அறிவதிலும், நிறுவிய கையோடு இதை நம்பிவிடக் கூடாது. முதல் குறையை அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். இரண்டாவது குறைக்கு இந்தக் கருவிக்குள் மருந்து கிடையாது.

கட்டும்போது

மிரர் கட்டுவது ஒரே கட்டளை: நிலை 1, உறுப்புகள் 2, இரண்டு பார்ட்டிஷன்களின் பெயர். முழு டிஸ்க்கையே கொடுக்கவும் முடியும். ஆனால் பார்ட்டிஷன் போட்டுக் கொடுப்பதே நல்லது. வேறொரு இயங்குதளமோ மதர்போர்டின் ஃபர்ம்வேரோ வெறும் டிஸ்க்கைப் பார்த்தால், காலி என்று நினைத்து அதன் தலையில் புது பார்ட்டிஷன் அட்டவணையை எழுதிவிடும். இன்னொரு காரணம், அளவு. 4 டிபி என்று ஒட்டியிருக்கும் எல்லா டிஸ்க்கிலும் செக்டர் எண்ணிக்கை அச்சு அசலாக ஒன்றாக இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. கடைசியில் 100 எம்பி விட்டுப் பார்ட்டிஷன் போட்டால், பிற்பாடு வாங்கும் டிஸ்க் சில செக்டர் குறைந்திருந்தாலும் சேர்ந்துகொள்ளும். விடாவிட்டால், புது டிஸ்க் போதிய அளவில்லை என்று கருவி கைவிரித்துவிடும். டிஸ்க் செத்த அன்றைக்குப் படிக்க வேண்டிய செய்தி அல்ல அது.

சூப்பர்பிளாக் வடிவம் இயல்பாக 1.2. இது பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து 4 கேபி தள்ளி உட்காரும். தரவுக்கு இதுவே சரி. மதர்போர்டின் யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் படிக்கும் பூட் பார்ட்டிஷனையும் மிரர் செய்ய விரும்பினால் மட்டும் 1.0 வேண்டும். அது கடைசியில் உட்காருவதால் ஃபர்ம்வேரின் கண்ணுக்கு அந்தப் பார்ட்டிஷன் வழக்கமான ஃபேட் போலவே தெரியும். ஆனால் ஃபர்ம்வேர் அதில் ஏதாவது எழுதினால் ஒரு டிஸ்க்கில் மட்டும்தான் எழுதும். மிரர் இரண்டுபடும், கர்னலுக்குள் மிரரை ஓட்டும் எம்டி டிரைவருக்கு அது தெரியவே தெரியாது. இரண்டு டிஸ்க்கிலும் தனித்தனி பூட் பார்ட்டிஷன் வைத்து, கர்னல் மாறும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகலெடுப்பது அழகில்லாத வழிதான். ஆனாலும் அதையே பரிந்துரைப்போம்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒற்றை டிஸ்க் கணினியை மிரராக மாற்ற ஒரு நல்ல வசதி உண்டு. இரண்டாவது உறுப்பின் இடத்தில் 'மிஸ்ஸிங்' என்று எழுதினால், புது டிஸ்க்கை மட்டும் வைத்து ஒற்றைக்கால் மிரர் எழும். அதற்குத் தரவை நகலெடுத்து, அதிலிருந்து பூட் ஆகிறதா என்று பார்த்த பிறகு பழைய டிஸ்க்கை அதில் சேர்க்கலாம். அதுவரை பழைய டிஸ்க்கில் கை வைக்க வேண்டியதில்லை.

பிட்மேப்பையும் மறக்கக் கூடாது. எந்தெந்தப் பகுதியில் எழுத்து நடந்துகொண்டிருந்தது என்று குறித்துவைக்கும் சிறு வரைபடம் அது. 100 ஜிபிக்கு மேற்பட்ட மிரர் கட்டும்போது பல பதிப்புகளில் தானாகவே சேர்ந்துவிடும், புதிய பதிப்புகள் வேண்டுமா என்று கேட்கும். பழைய மிரர்களில் இருக்காது, 'குரோ' கட்டளையால் ஓடும்போதே சேர்க்கலாம். கேபிள் நழுவி ஒரு டிஸ்க் வெளியே போய்த் திரும்பிவந்தால், பிட்மேப் இருக்கும் மிரர் மாறிய பகுதிகளை மட்டும் நகலெடுத்துச் சில நொடிகளில் முடித்துவிடும். பிட்மேப் இல்லையென்றால் முழு டிஸ்க்கும் முதலிலிருந்து.

நிறுவிய பிறகும் மிச்சமிருக்கும் வேலை

மின்னஞ்சல் முதலில். கண்காணிப்புச் சேவை பின்னணியில் ஓடும்; அமைப்புக் கோப்பில் மெயில்அட்ரஸ் வரி இருக்கும்; அதில் ரூட் என்று மட்டும் எழுதியிருக்கும். ரூட்டுக்கு வரும் அஞ்சலை வெளியே அனுப்ப அஞ்சல் சேவை ஏதும் இல்லாத கணினியில் அந்த எச்சரிக்கை வந்த இடத்திலேயே புதைந்துபோகும். ஒரு டிஸ்க் செத்து மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல், இரண்டாவதும் சாகும்போதுதான் விழித்துக்கொள்ளும் கதைகளில் பெரும்பாலானவை இங்கிருந்தே தொடங்குகின்றன. கண்காணிப்புக் கட்டளையோடு 'ஸ்கேன்', 'ஒன்ஷாட்', 'டெஸ்ட்' மூன்றையும் சேர்த்து ஓட்டினால் ஒவ்வொரு மிரருக்கும் ஒரு சோதனை அஞ்சல் வரும். அது உங்கள் கைபேசிக்கு வந்து சேரும்வரை மிரர் கட்டி முடிந்ததாகக் கணக்கில்லை.

அடுத்தது டைம்அவுட். நல்ல டிஸ்க்கைத் தேவையில்லாமல் சாகடிப்பது இதுதான், விவரமாகவே பார்க்கலாம். மேசைக்கணினி டிஸ்க் ஒன்று படிக்க முடியாத செக்டரைச் சந்தித்தால், விடாப்பிடியாக ஒன்றிரண்டு நிமிடம்கூட முயன்றுகொண்டிருக்கும். கர்னலோ 30 நொடிதான் காத்திருக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் இணைப்பையே ரீசெட் செய்யும். டிஸ்க் "இந்தச் செக்டரைப் படிக்க முடியவில்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எம்டி டிரைவர் மற்ற பிரதியிலிருந்து தரவை எடுத்து இந்த இடத்தில் திருப்பி எழுதியிருக்கும். டிஸ்க்கும் கெட்ட செக்டருக்குப் பதில் மாற்றுச் செக்டரை ஒதுக்கிக்கொண்டிருக்கும். ஒரே ஒரு செக்டர் பிரச்சினை, பயனருக்குத் தெரியாமலே தீர்ந்திருக்கும். அதற்குப் பதிலாக, ரீசெட் ஆகிப் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கும் டிஸ்க்கில் திருப்பி எழுத முயன்று, அதுவும் தோற்று, முழு டிஸ்க்கும் மிரரிலிருந்து தள்ளப்படுகிறது.

மருந்து இரண்டு வகை. நாஸ் (வலையமைப்புச் சேமிப்புப் பெட்டி) வகை டிஸ்க் என்றால் ஸ்மார்ட்சிடிஎல் கருவியால் பிழை மீட்பு வரம்பை 70, 70 என்று வையுங்கள்; அலகு பத்தில் ஒரு நொடி, அதாவது படிக்க 7 நொடி, எழுத 7 நொடி. மின்சாரம் போய்வந்தால் பல டிஸ்க்குகள் இதை மறந்துவிடும், ஆகவே ஒவ்வொரு பூட்டிலும் ஓட வேண்டும். இந்த வசதியே இல்லாத டிஸ்க் என்றால் கர்னலின் காத்திருப்பு நேரத்தை அந்த டிஸ்க்குக்கு 180 நொடியாக உயர்த்துங்கள். கணினி சில நிமிடம் உறைந்ததுபோல் நிற்கும், டிஸ்க் பிழைக்கும்.

டிஸ்க் வாங்கும்போதே கவனிக்க வேண்டியது எஸ்எம்ஆர். தடங்களை ஓட்டுக்கூரைபோல் ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து எழுதும் முறை அது. இத்தகைய டிஸ்க்கில் தொடர்ந்து எழுதினால் உள்ளே மறுவேலை குவிந்து வேகம் படுத்துவிடும், சில நேரம் மேலே சொன்ன டைம்அவுட்டிலேயே போய் முட்டும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று ஒப்புக்கொண்டது. பிறகு தடங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றாமல் எழுதும் சிஎம்ஆர் மாடல்களை ரெட் பிளஸ் என்று பெயரிட்டுப் பிரித்தது. அட்டைப்பெட்டியில் உள்ள பெயரை நம்பாமல் மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரக்குறிப்பைப் பாருங்கள்.

மூன்றாவது, பூட்லோடர். தரவு இரண்டு டிஸ்க்கிலும் இருக்கும். கணினியை எழுப்பும் பூட்லோடரான குரப் ஒன்றில் மட்டும் இருக்கும். முதல் டிஸ்க் செத்தால் இரண்டாவதில் எல்லாம் பத்திரமாக இருந்தும் கணினி எழாது. இரண்டு டிஸ்க்கிலும் குரப்பை நிறுவி, யுஇஎஃப்ஐ என்றால் இரண்டாவது பூட் பதிவையும் சேர்த்து, கணினியை அணைத்து முதல் டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கிவிட்டு பூட் செய்து பாருங்கள். சோதனைக்குப் பிறகு திரும்பச் சேர்ப்பது பிட்மேப் புண்ணியத்தில் சில நொடி வேலை. ஆனால் சேர்க்காமலே அடுத்து மற்ற டிஸ்க்கை மட்டும் வைத்து பூட் செய்துவிடாதீர்கள். இரண்டும் தனித்தனி வரலாறு எழுதத் தொடங்கிவிடும், பிறகு ஒன்றைப் பலிகொடுத்தே ஆக வேண்டும்.

நினைவகம் போதாதபோது கர்னல் டிஸ்க்கில் பயன்படுத்தும் இடமான ஸ்வாப்பையும் மிரரில் வையுங்கள். வைக்காவிட்டால், டிஸ்க் சாகும் கணத்தில் அதில் ஸ்வாப் ஆகியிருந்த நிரல்களும் கூடவே சாகும்.

டிஸ்க்கை மாற்றும்போது

மிரரின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பைத் திறந்தால் சதுர அடைப்புக்குள் இரண்டு யு எழுத்து இருக்க வேண்டும். ஒரு யு, ஒரு அடிக்கோடு என்றால் ஒரு கால் போயிற்று. தள்ளப்பட்ட உறுப்பின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குள் எஃப் நிற்கும். உடனே புது டிஸ்க் வாங்க ஓட வேண்டாம். முதலில் டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் பாருங்கள். 5, 197, 198 என்ற எண்ணுள்ள அளவுகள் ஏறியிருந்தால் டிஸ்க்கின் மேற்பரப்பு கெடுகிறது. 199 மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் சாட்டா கேபிள்தான்; கேபிளை மாற்றிவிட்டு, மீண்டும் சேர்க்கும் 'ரீஆட்' செய்தால் போதும்.

டிஸ்க் மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஆபத்து கட்டளைகளில் இல்லை, தவறான டிஸ்க்கைப் பிடுங்குவதில் இருக்கிறது. எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ஒவ்வொரு பூட்டிலும் மாறலாம். சாவப்போகும் டிஸ்க்கின் வரிசை எண்ணை எழுதிவைத்துக்கொண்டு, டிஸ்க்கின் ஒட்டுச்சீட்டில் அதே எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகே கேபிளில் கை வையுங்கள். டிஸ்க் முழுக்கச் செத்து வரிசை எண்ணைக்கூடச் சொல்லவில்லை என்றால், உயிரோடு இருக்கும் டிஸ்க்கின் எண்ணைக் குறித்து அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

பிடுங்கும் முன் அந்த டிஸ்க்கில் உள்ள எல்லாப் பார்ட்டிஷனையும், அவை எம்டி0, எம்டி1, எம்டி2 என்று எத்தனை மிரரில் சேர்ந்திருந்தாலும், 'ஃபெயில்' செய்து 'ரிமூவ்' செய்ய வேண்டும். ஒன்றில் மட்டும் பிழை வந்திருக்கும், மற்றவை இன்னும் நலமாகவே தெரியும். அதில் ஏமாறுவோர் உண்டு. டிஸ்க் ஏற்கெனவே காணாமல் போய்ப் பெயரே இல்லை என்றால், பெயருக்குப் பதில் 'டிடாச்டு' என்று கொடுத்து அகற்றலாம்.

புது டிஸ்க் செருகியதும் பார்ட்டிஷன் அட்டவணையை நகலெடுக்க எஸ்ஜிடிஸ்க். இங்கே மூச்சை நிறுத்திப் படியுங்கள்: நகலெடுக்கும் கொடிக்குப் பின்னால் முதலில் வருவது புது டிஸ்க், அதாவது எழுதப்படப்போவது, கடைசியில் வருவது பழைய டிஸ்க், அதாவது படிக்கப்படுவது. பெரும்பாலான நகல் கட்டளைகளுக்கு நேர் எதிர் வரிசை. மாற்றிப் போட்டால் காலி டிஸ்க்கின் காலி அட்டவணை, மிச்சமிருக்கும் ஒரே நல்ல டிஸ்க்கின் மேல் எழுதப்படும். முன்கூட்டியே நல்ல டிஸ்க்கின் அட்டவணையை ஒரு கோப்பில் சேமித்து வேறொரு பென்டிரைவில் வைத்திருந்தால் அப்போதும் தப்பிக்கலாம். நகலெடுத்ததும் புது டிஸ்க்கின் அடையாள எண்களை மாற்றும் கட்டளையையும் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் இரண்டு டிஸ்க்கும் ஒரே அடையாளத்தோடு நிற்கும்.

அதன் பிறகு 'ஆட்'. ரீசிங்க், அதாவது நல்ல டிஸ்க்கிலிருந்து புதியதற்கு நகலெடுப்பது, தொடங்கும். 4 டிபி டிஸ்க், சராசரி நொடிக்கு 150 எம்பி என்றால் ஏழரை மணி நேரம்போல ஆகும். தரவு 10 ஜிபிதான் இருந்தாலும் அதே நேரம்தான், ஏனென்றால் எது தரவு எது காலி இடம் என்று எம்டி டிரைவருக்குத் தெரியாது. கணினியில் வேறு வேலையும் ஓடினால் ரீசிங்க் ஒதுங்கி வழிவிடும். குறைந்தபட்ச வேக வரம்பு இயல்பாக நொடிக்கு 1000 கேபி மட்டுமே, அதிகபட்சம் 2,00,000 கேபி. வேலை நகரவே இல்லை என்று தோன்றினால் குறைந்தபட்சத்தை 50,000-க்கு ஏற்றுங்கள். ஒரே டிஸ்க்குகளில் பல மிரர் இருந்தால் ஒன்று ஓடும்போது மற்றவை 'டிலேய்டு' என்று காட்டும். அது பிழை அல்ல, வரிசையில் நிற்கின்றன.

டிஸ்க் இன்னும் சாகவில்லை, சாகும் அறிகுறி மட்டும்தான் என்றால் முதலில் பிடுங்குவது தப்பு. மூன்றாவது சாட்டா போர்ட் காலியாக இருந்தால் புது டிஸ்க்கை அதில் செருகி, சேர்த்து, 'ரீப்ளேஸ்' கட்டளையில் பழையதையும் 'வித்' என்று புதியதையும் சொல்லுங்கள். நகல் முடியும்வரை பழைய டிஸ்க்கும் பணியில் இருக்கும், மிரர் ஒரு கணமும் ஒற்றைக்காலில் நிற்காது. இந்தக் கருவியின் மிகச் சிறந்த வசதி எது என்றால் இதைத்தான் சொல்வோம். யுஎஸ்பி டாக்கில் வைத்து இதைச் செய்ய ஆசைப்படாதீர்கள்: சில டாக்குகள் செக்டர் அளவை 4096 பைட் என்று மாற்றிக் காட்டும், அப்படி எழுதிய பார்ட்டிஷன் அட்டவணை சாட்டாவுக்கு மாற்றியதும் படிக்கவே வராது.

எழ மறுக்கும்போது

எம்டி0 என்று கட்டியது எம்டி127 என்று எழுந்தால் பதற வேண்டாம். பூட்டின்போது ஓடும் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருக்கும் அமைப்புக் கோப்பு பழையது, அவ்வளவுதான். 'டீடெயில் ஸ்கேன்' தரும் வரியை அமைப்புக் கோப்பில் சேர்த்து இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்தால் பெயர் திரும்பும்.

'இன்ஆக்டிவ்' என்று நின்றால் 'எக்ஸாமின்' கட்டளையால் இரண்டு உறுப்பின் நிகழ்வு எண்ணையும் பாருங்கள். எண் பெரிதாக உள்ளதே புதியது. மிரரை நிறுத்திவிட்டு, புதிய உறுப்பை மட்டும் கொடுத்து 'அசெம்பிள்', 'ரன்' என்று எழுப்பி, தரவை நகலெடுத்த பிறகு மற்றதைச் சேர்க்கலாம். எந்த நிலையிலும் 'கிரியேட்' கூடாது. பழைய மிரரை எழுப்பும் கட்டளை அதுதான் என்று நினைத்து ஓட்டுபவர்கள் புது சூப்பர்பிளாக்கைப் பழையதன் மேல் எழுதுகிறார்கள். தரவு தொடங்கும் இடம் எம்டிஏடிஎம்மின் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருப்பதால் கோப்பு முறைமை காணாமல் போகும். கருவி ஒரு முறை கேட்கும், ஒய் என்று தட்டினால் தடுக்காது.

ஒற்றைக்காலில் ஓடும் மிரரின் மிச்ச டிஸ்க்கிலும் படிக்க முடியாத செக்டர் இருந்தால் நிலைமை வேறு. புது டிஸ்க்கைச் சேர்த்தால், படிக்க முடியாத இடங்களைக் கெட்ட பிளாக் பட்டியலில் குறித்துக்கொண்டு ரீசிங்க் முடிந்ததாகவும் காட்டக்கூடும். அந்தப் பட்டியல் புது டிஸ்க்கிலும் ஒட்டிக்கொள்ளும், நலமான புது டிஸ்க் கெட்ட பிளாக்கோடு வாழும். ஆகவே ரீசிங்க் வேண்டாம். கணினியை வேறு ஊடகத்திலிருந்து பூட் செய்து, கெட்ட டிஸ்க்கிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்க்யூ கருவி கொண்டு டிஸ்க்கிலிருந்து டிஸ்க்குக்கு நகலெடுங்கள். முதல் சுற்றில் கடினமான இடங்களைத் தவிர்க்கச் சொல்லுங்கள், அடுத்த சுற்றில் மூன்று முறை முயலச் சொல்லுங்கள், வரைபடக் கோப்பை மூன்றாவது ஒரு டிஸ்க்கில் வையுங்கள். முடிந்ததும் பழையதைக் கழற்றிவிட்டே நகலை எழுப்புங்கள். இரண்டும் ஒரே யுயுஐடியோடு (அடையாள எண்) இருந்தால் எதை எடுப்பது என்று கருவி குழம்பும்.

எது சரி என்று தெரியாத மிரர்

மாதம் ஒரு முறை இரண்டு பிரதியையும் முழுக்கப் படித்து ஒப்பிடும் சோதனை உண்டு. டெபியன் நிறுவலில் மாதத்தின் முதல் ஞாயிறு தானாகவே ஓடிவந்தது. மூலையில் கிடக்கும் கெட்ட செக்டர்களை முன்கூட்டியே கண்டுபிடித்துத் திருத்த இது அவசியம். ஒத்துப்போகாத இடங்களின் எண்ணிக்கையையும் சொல்லும். அதோடு சரி. 'ரிப்பேர்' என்றால் ஒரு பிரதியை எடுத்து மற்றதன் மேல் எழுதும். எழுதப்படுவது கெட்ட பிரதியாகவும் இருக்கலாம். ஸ்வாப் உள்ள மிரரில் இந்த எண் பூஜ்யமாக இல்லாவிட்டால் பொருட்படுத்த வேண்டாம், எழுதும் நேரத்தில் நினைவகப் பக்கம் மாறியதால் வருவது. தரவு மட்டும் உள்ள மிரரில் ஏறிக்கொண்டே போனால் கேபிள், நினைவகம், டிஸ்க் மூன்றையும் சந்தேகியுங்கள்.

இந்த இடத்தில் மிரர் வேலையையும் தாமே செய்யும் கோப்பு முறைமைகளான இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் இரண்டும் தெளிவாக முந்துகின்றன. ஒவ்வொரு பிளாக்குக்கும் சரிபார்ப்புத் தொகை வைத்திருப்பதால் கெட்ட பிரதி எது என்று அவற்றுக்குத் தெரியும், தாமாகவே திருத்தும். டிஸ்க் மாற்றும்போதும் உபயோகத்தில் உள்ள இடத்தை மட்டும் நகலெடுக்கும். புகைப்படம், ஆவணம் என்று ஆண்டுக்கணக்கில் தொடாமல் கிடக்கும் தரவுக்கு அவைதான் பொருத்தம். கணினியின் ரூட் பார்ட்டிஷன், இஎக்ஸ்டி4, எல்விஎம் மேல் ஓடும் சர்வர், டேட்டாபேஸ் என்றால் எம்டிஏடிஎம்.

தனி ரெய்டு கார்டோடு ஒப்பிட்டால் கதை தலைகீழ். கார்டு செத்தால் அதே குடும்பத்துக் கார்டு தேட வேண்டும். எம்டி மிரரின் ஒரு டிஸ்க்கை எந்த லினக்ஸ் கணினியிலும் படிக்கலாம், மிரரை எழுப்பாமலும்கூட. 'எக்ஸாமின்' சொல்லும் டேட்டா ஆஃப்செட் 2,64,192 செக்டர் என்றால் அதை 512-ஆல் பெருக்குங்கள், 13,52,66,304 பைட். லோசெட்அப் கருவிக்கு அந்த எண்ணையும் படிக்க-மட்டும் என்ற கொடியையும் கொடுத்தால் கோப்பு முறைமை நேரே தெரியும். கணினி திடீரென்று அணைந்த டிஸ்க் என்றால் இஎக்ஸ்டி4 தன் ஜர்னலை (முடியாமல் நின்ற எழுத்துகளின் பதிவு) ஓட்ட முயன்று மவுன்ட் ஆக மறுக்கும். மவுன்ட் கட்டளையில் 'நோலோட்' என்று சேர்த்துவிடுங்கள்.